அழிக்க வேண்டியது லெவல்1 ஃபோல்டர், அவுட்லையர் ஃபைல் அல்ல: வீஎல்பிஐ கணக்கீட்டில் வெளியீடுகளைக் கையாள்வது

கேள்வி சுருக்கமாக இதுதான். தர்மபுரியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் தம்பி ஒருவர், புராஜெக்ட்டுக்காக வியன்னா தொழில்நுட்பப் பல்கலையின் வீவ்ஸ் என்னும் வீஎல்பிஐ (தொலைதூர ரேடியோ தொலைநோக்கிகளைச் சேர்த்து அளக்கும் முறை) மென்பொருளில் இரண்டு வருட ஆர்1, ஆர்4 செஷன்களை (வாராவாரம் நடக்கும் 24 மணி நேர அளவீட்டுத் தொகுப்புகள்) ஓட்டுகிறார். லேப்டாப் டிஸ்க் நிரம்பிவிட்டது, எதை அழிக்கலாம் என்பது முதல் கேள்வி. புது ஃபோல்டர் கொடுத்து ஓட்டினாலும் பழைய ரன்னில் நீக்கிய அளவீடுகள் இதிலும் காணாமல் போகின்றனவே, ஏன் என்பது இரண்டாவது. அவுட்லையர் (கூட்டத்திலிருந்து விலகி நிற்கும் அளவீடு) வரம்பை 5 சிக்மாவிலிருந்து 3 ஆக்கினால் (சிக்மா என்பது சிதறலின் அளவு) எச்சங்கள் அழகாகிவிடுகின்றன, அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்பது மூன்றாவது.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்தால்தான் எந்த ஃபைல் முக்கியம் என்பது விளங்கும்.

துறைக்குப் புதியவர்களுக்காக நாலு வரி. பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் இரண்டு ரேடியோ தொலைநோக்கிகள் ஒரே குவேசாரை (மிகத் தொலைவில் உள்ள பிரகாசமான விண்மீன் மண்டல மையம்) பார்க்கின்றன. ஒன்றுக்கு அலை வந்து சேர்ந்ததற்கும் மற்றதற்கு வந்ததற்கும் உள்ள நேர வித்தியாசம்தான் அளவீடு. ஒரு நானோ விநாடி என்றால் 30 சென்டிமீட்டர். 24 மணி நேர செஷனில் இப்படிச் சில ஆயிரம் அளவீடுகள் தேறும். அவற்றை லீஸ்ட் ஸ்கொயர்ஸில் போட்டால் நிலையங்களின் இடம், பூமியின் சுழற்சி, கடிகார ஓட்டம், காற்றின் ஈரம் எல்லாம் வரும். நன்றாக அமைந்த செஷனில் கணக்கு மாதிரிக்கும் அளவீட்டுக்கும் உள்ள வித்தியாசம், அதாவது எச்சம், 30 பிகோ விநாடி அளவில் நிற்கும். அதாவது 9 மில்லிமீட்டர். யூடி1 என்னும் பூமிச் சுழற்சிக் கோணத்தை நேரடியாகத் தரும் விண்வெளி அளவை முறை இது ஒன்றுதான். கிருஷ்ணகிரியில் நிலம் அளக்க வரும், செயற்கைக்கோள் வழி இடம் காட்டும் ஜிஎன்எஸ்எஸ் ரோவர் காட்டும் எண்ணுக்கு அடியில் இருக்கும் உலகச் சட்டகத்திலும் இதற்குப் பங்கு உண்டு.

இப்போது 3 சிக்மா விவகாரம். பிழைகள் இயல்புப் பரவலில் இருந்தால், 3 சிக்மாவுக்கு வெளியே விழுபவை 0.27 சதவீதம். 5000 அளவீட்டில் 13 அல்லது 14. அந்தப் பதினான்கும் நல்ல அளவீடுகளே. அவற்றைத் தூக்கினால் பெரிய நஷ்டமில்லை, லாபமும் இல்லை. ஆனால் உங்கள் ரன் 150, 200 என்று தூக்கினால், பரவல் இயல்பாக இல்லை அல்லது அளவீடுகளுக்குக் கொடுத்த எடை தவறு என்று அர்த்தம். இரண்டுமே அவுட்லையர் நீக்கத்தால் சரியாகும் நோய்கள் அல்ல. நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினால் சிக்மா சுருங்கும்; சுருங்கிய சிக்மாவுக்கு இன்னும் கொஞ்சம் வெளியே தெரியும்; அதையும் நீக்கினால் மேலும் சுருங்கும். இந்தச் சுற்று சீக்கிரம் முடியாது. எச்சம் அழகாவது உண்மைதான். ஓரத்தை வெட்டிக்கொண்டே போனால் எதுவும் அழகாகத்தான் தெரியும்.

அது வெறும் அலங்காரமா, உண்மையான முன்னேற்றமா என்று பார்க்க எச்சத்தை நம்பாதீர்கள், பேஸ்லைன் (இரண்டு நிலையங்களை இணைக்கும் கோடு) நீளத்தைப் பாருங்கள். இரண்டு வருடத்தில் கிட்டத்தட்ட 200 செஷன் இருக்கும். ஒரே பேஸ்லைன் பல செஷன்களில் வரும். ஒவ்வொன்றிலும் வந்த நீளத்தை வரிசையாகப் போட்டு, ஒரு நேர்கோட்டை நீக்கி, மிச்சச் சிதறலை எடுங்கள். 5 சிக்மா ரன்னுக்கும் 3 சிக்மா ரன்னுக்கும் தனித்தனியாக. சிதறல் குறைந்தால் 3 உதவியிருக்கிறது. குறையவில்லை என்றால் நல்ல தரவைத்தான் வீசியிருக்கிறீர்கள். என் கணிப்பு, உங்களுக்குக் குறையாது. 5இலேயே நில்லுங்கள்.

பெரிய பிழை சின்னப் பிழையை மறைப்பது இதைவிட ஆபத்தானது. ஒரு கணக்கு போடலாம். 5000 அளவீடு, எச்சம் 30 பிகோ விநாடி. அதில் ஒன்றே ஒன்றில் எக்ஸ் பேண்ட் (8 கிகாஹெர்ட்ஸ் வாக்கிலான அலைவரிசை) ஆம்பிகுயிட்டி (அளந்த நேரம் எத்தனை முழுப் படி தள்ளியிருக்கிறது என்ற ஐயம்) ஒரு படி தவறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான அலைவரிசை அமைப்பில் ஒரு படி 50 நானோ விநாடி. அயனி மண்டலத் திருத்தத்துக்குப் பின் அது சுமார் 54 ஆகத் தெரியும். 54இன் வர்க்கம் 2916, அதை 5000ஆல் வகுத்தால் 0.58, மூலம் எடுத்தால் 0.76 நானோ விநாடி. 30 பிகோ விநாடியாக இருந்த சிதறல் ஒரே புள்ளியால் 760 ஆகிவிட்டது. இப்போது 5 சிக்மா என்பது 3.8 நானோ விநாடி, அதாவது ஒரு மீட்டருக்கு மேல்! அதற்குள் இருக்கும் எந்தத் தவறும் முதல் சுற்றில் பிடிபடாது. ஆகவே ஆம்பிகுயிட்டி, அயனித் திருத்தம், கடிகாரத் தாவல், எடை ஆகியவற்றை முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் அவுட்லையர் சோதனைக்கு வர வேண்டும்.

ஆம்பிகுயிட்டியை நீங்களே தீர்க்க வேண்டியதில்லை. செஷன் தரவு வரும் விஜிஓஎஸ்டிபி தொகுப்பில் ரேப்பர் என்றொரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும். எந்த நெட்சிடிஎஃப் வகைத் தரவு ஃபைல்கள் சேர்ந்து ஒரு பதிப்பு ஆகின்றன என்பதை அதுதான் சொல்லும். பெயரிலேயே வி001, வி002 என்று எண் வரும். 1 என்பது கோரிலேட்டரிலிருந்து (தொலைநோக்கிகளின் பதிவுகளை ஒப்பிட்டு நேர வித்தியாசம் எடுக்கும் கருவி) வந்த பச்சைத் தரவு. பிறகு மாதிரிக் கணக்கு, நிலைய லாக்கிலிருந்து வானிலை, கேபிள் அளவு (நிலையத்தின் கேபிளில் சிக்னல் தாமதம் மாறுவதன் அளவீடு) எல்லாம் ஏறி, நாலாம் எண் வாக்கில் ஆய்வு மையம் ஆம்பிகுயிட்டி தீர்த்த பதிப்பு வரும். மென்பொருள் தவறிப்போய் முதல் பதிப்பை எடுத்தால் எச்சப் படம் 50 நானோ விநாடிக்கு ஒரு கோடு என்று அடுக்கடுக்காக நிற்கும். அதைப் பார்த்து அவுட்லையர் பட்டனை அழுத்தக் கூடாது. ரேப்பரை மாற்ற வேண்டும்.

எஸ் பேண்டில் (2 கிகாஹெர்ட்ஸ் வாக்கிலான இரண்டாவது அலைவரிசை) தவறிய படி இன்னும் நயவஞ்சகமானது. அயனித் திருத்தத்தில் எஸ் பேண்டின் பங்கு, அதன் அலைவெண் வர்க்கத்தை இரு வர்க்கங்களின் வித்தியாசத்தால் வகுத்தது. 8.6, 2.3 கிகாஹெர்ட்ஸ் என்று எடுத்தால் 0.077. எஸ் பேண்ட் படி 100 நானோ விநாடி என்றால் எச்சத்தில் 7.7 தெரியும். ஒரு பேஸ்லைனில் சில புள்ளிகள் மட்டும் சரியாக 7 முதல் 8 நானோ விநாடி தள்ளி, தங்களுக்குள் ஒழுங்காக ஒரே கோட்டில் நின்றால் அது இதுதான். உண்மையான அவுட்லையர்கள் இவ்வளவு ஒழுக்கமாக இருக்காது.

இதிலிருந்து ஒரு பொது வழக்கம் வரும்: நீக்கும் முன் எச்சத்தை நிலையவாரியாக, பேஸ்லைன்வாரியாக, சோர்ஸ், அதாவது குவேசார்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். மாம்பழ மண்டியில் ஒரே தோட்டத்துக் கூடைகளில் மட்டும் புள்ளி விழுந்திருந்தால், பழத்தை ஒதுக்குவதோடு நிறுத்தாமல் தோட்டத்துக்காரரைக் கேட்பார்கள் இல்லையா, அதே புத்திதான் இங்கேயும்.

ஒரு நிலையத்தின் எல்லா பேஸ்லைன்களிலும் ஒரே நேரத்திலிருந்து எச்சம் குதித்தால் அது கடிகாரத் தாவல். நிலையத்தின் அணுக் கடிகாரமான ஹைட்ரஜன் மேசரோ, அதிலிருந்து சிக்னல் கொண்டுபோகும் கருவியோ ஒரு படி தாண்டியிருக்கிறது. மென்பொருள் கடிகாரத்தை 60 நிமிடத்துக்கு ஒரு புள்ளி என்று கோடுகளால் இணைத்து மதிப்பிடுகிறது. திடீர்ப் படியை அந்தக் கோடுகளால் ஏற முடியாது. ஆகவே தாவலுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் வரை எச்சங்கள் ரம்பப் பல் போல விலகும். தானியங்கிச் சோதனை அவற்றையெல்லாம் அவுட்லையர் என்று தூக்கிவிடும். எச்சம் சுத்தமாகும், கூடவே அந்த நிலையத்தின் இரண்டு மணி நேரத் தரவு போகும், மிச்சத் தரவில் கடிகாரம் தவறான வழியில் வளைந்து உயரத்தையும் ஈரத்தையும் கெடுக்கும். செய்ய வேண்டியது, அந்த நிலையத்தின் பெயரையும் தாவல் நேரத்தையும் ஆப்ட் ஃபைலில் (ஒரு செஷனுக்கான நம் கைக் குறிப்புகள் இருக்கும் ஃபைல்) கடிகார முறிவாக எழுதுவது. அதற்குமுன் ஒன்றைச் சோதியுங்கள்: எல்லா நிலையங்களும் ஒரே கணத்தில் குதித்ததாகத் தெரிந்தால் குதித்தது மற்றவற்றை எதனோடு ஒப்பிடுகிறீர்களோ அந்த ரெஃபரன்ஸ் கடிகாரம். ரெஃபரன்ஸை மாற்றி ஓட்டுங்கள், குற்றவாளி தனியாகத் தெரிவார்.

ஒரே குவேசார் எல்லா பேஸ்லைனிலும் விலகினால் அதன் இடம் தவறு, அல்லது அதற்கு உள்ளமைப்பு இருக்கிறது. 10,000 கிலோமீட்டர் பேஸ்லைனில் ஒரு மில்லி ஆர்க்செகண்ட் தவறு 4.8 சென்டிமீட்டர், அதாவது 160 பிகோ விநாடி வரை காட்டும். குவேசார்களின் இடங்களைத் தரும் ஐசிஆர்எஃப்3 பட்டியலின் எஸ்/எக்ஸ் பகுதியில் 4536 சோர்ஸ்கள் உள்ளன. அதில் இல்லாத பெயர் வந்தால் முதல் சந்தேகம் அங்கேதான். அதன் இடத்தையும் மதிப்பிட வையுங்கள், அல்லது அந்த சோர்ஸை முழுதாக ஆப்ட் ஃபைலில் விலக்குங்கள். பாதிப் புள்ளிகளை மட்டும் அவுட்லையராக நீக்குவது இரண்டும் கெட்டான் வேலை. ஒரு நிலையத்தில் தாழ்வான கோணங்கள் மட்டும் விலகினால் காற்று அல்லது மழை. தொலைநோக்கி சுற்றித் திரும்பும்போதெல்லாம் மாறினால் கேபிள் அளவு. கேபிள் அளவைப் போட்டும் போடாமலும் ஒரு முறை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இவையெல்லாம் போக மிஞ்சித் தனித்தனியாக, எந்த உறவும் இல்லாமல் சிதறிக் கிடப்பவைதான் அவுட்லையர்கள். அவற்றுக்கு இரண்டு சோதனைகள் உண்டு. எளிய சோதனை எச்சத்தை மொத்தச் சிக்மாவோடு மட்டும் ஒப்பிடும். மற்றது ஒவ்வொரு எச்சத்தையும் அதனதன் சொந்தச் சிக்மாவோடு ஒப்பிடும். பத்து நிலையச் செஷனில் ஒரு நிலையத்துக்கு 80 அளவீடுதான் என்றால், அந்தச் சில புள்ளிகள் அந்த நிலையத்தின் கடிகாரத்தையும் ஈரத்தையும் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும். தவறான புள்ளியின் எச்சம்கூடச் சின்னதாகத் தெரியும். எளிய சோதனை அதைத் தவறவிடும். அளவீடு குறைவான நிலையம் இருந்தால் இரண்டாவது சோதனையை எடுங்கள், கணக்கு நேரம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. வீவ்ஸ் நீக்கிய அளவீடுகளை அவுட்லையர் ஃபோல்டரில், வருடம் வாரியாக, செஷன் பெயரிலேயே ஓர் அவுட் ஃபைலாக எழுதி வைக்கும். அடுத்த ரன்னில், அவுட்லையரை நீக்கு என்ற டிக் இருந்தால், தொடக்கத்திலேயே அதைப் படித்து அந்த அளவீடுகளை ஒதுக்கிவிடும். நீங்கள் புதிதாகக் கொடுத்தது லெவல் ஃபோல்டர்களின் (ரன்னின் இடைநிலை, இறுதி வெளியீடுகள் போகும் இடம்) பெயரை மட்டும். அவுட்லையர் ஃபோல்டரும் ஆப்ட் ஃபோல்டரும் தனித் தேர்வு. அவை பழைய இடத்தையே சுட்டிக்கொண்டிருக்கின்றன. 3 சிக்மா ரன்னில் நீக்கியவை 5 சிக்மா ரன்னிலும் இல்லாமல் போனது அதனால்தான். அதாவது உங்கள் 5 சிக்மா விடை இப்போது 5 சிக்மா விடையே அல்ல. வரம்பு, எடை, மாதிரி எதை மாற்றினாலும் அவுட்லையர் ஃபோல்டருக்கும் புதுப் பெயர் கொடுத்து, வெற்றாகத் தொடங்குங்கள். ஆப்ட் ஃபைல்களை மட்டும் நகல் எடுத்து உள்ளே போடலாம். கடிகாரத் தாவல் சிக்மாவைப் பொறுத்ததல்ல.

உங்கள் பதிப்பு அவுட் ஃபைலை அழித்து எழுதுகிறதா, கீழே சேர்த்துக்கொண்டே போகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே செஷனை அடுத்தடுத்து ஓட்டி வரிகளை எண்ணினால் போதும். சேர்த்துக்கொண்டே போனால், ஒவ்வொரு ரன்னும் முந்தைய ரன்களின் பாவத்தையெல்லாம் சுமக்கும்.

அவுட் ஃபைலை எக்செலில் திறக்காதீர்கள். ஒரு வரியில் இரண்டு நிலையங்களின் பெயரும் மாற்றிய ஜூலியன் தேதியில் (நாளையும் நேரத்தையும் ஒரே எண்ணாக எழுதும் முறை) நேரமும் இருக்கும். உதாரணமாக கோக்கீ, வெட்செல், 59218.756944444. இது 2021 ஜனவரி 4, சர்வதேச நேரம் மாலை 6 மணி 10 நிமிடம். எக்செல் கண்ணுக்குக் காட்டுவதைத்தான் டெக்ஸ்டாகச் சேமிக்கும். இரண்டு தசமத்தோடு 59218.76 என்று சேமித்தால் நேரம் 6 மணி 14 நிமிடம் 24 விநாடி ஆகிவிடும். அப்படியோர் அளவீடு இல்லை, ஆகவே எதுவும் நீங்காது, பிழைச் செய்தியும் வராது. நிலையப் பெயர்கள் எட்டு எழுத்து அகலம் கொண்டவை. ஆங்கிலத்தில் ஐந்தெழுத்தான கோக்கீக்குப் பின்னால் மூன்று வெற்றிடம் இருக்கும். எடிட்டர் அதைச் சுருக்கினால் பத்தி நகர்ந்து படிப்பே கெடும். கையால் ஒரு வரி சேர்க்கவோ எடுக்கவோ வேண்டுமானால் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டர் போதும். முடிந்ததும் ரன் லாக்கில் நீக்கப்பட்ட எண்ணிக்கை அவுட் ஃபைலின் வரி எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

2023 தொடக்கத்தில், வீஎல்பிஐ செஷன்களை ஒருங்கிணைக்கும் சர்வதேச அமைப்பான ஐவிஎஸ் செஷன் பெயர் முறையை மாற்றியது. முன்பு வருடத்தின் இரண்டு இலக்கம், மாதச் சுருக்கம், தேதி, இரண்டெழுத்து என்று இருந்தது. இப்போது எட்டு இலக்கத் தேதி, ஒரு கோடு, செஷன் குறி. உங்கள் இரண்டு வருடம் அந்த எல்லையைத் தாண்டினால், பெயரை வெட்டி வருடம் கண்டுபிடிக்கும் ஸ்கிரிப்ட் பாதியில் தடுமாறும். செஷன் பட்டியலை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

இப்போது டிஸ்க். மூலத் தரவு, உங்கள் முடிவுகள், கணக்கின் கழிவு என்று மூன்று வகையாகப் பிரித்தால் குழப்பம் போய்விடும். மூலத் தரவை மறுபடி இறக்கலாம், ஆனால் மையங்கள் புதுப் பதிப்பு ஏற்றியிருக்கலாம். புராஜெக்ட் முடியும் வரை நீங்கள் பயன்படுத்திய தொகுப்பை ரீட் ஒன்லியாக வையுங்கள். முடிவுகள் என்றால் உங்கள் மூளை வேலை செய்த இடங்கள்: ஆப்ட் ஃபைல், அவுட் ஃபைல், செட்டிங்ஸ் சேமித்த ஃபைல், செஷன் பட்டியல், மென்பொருளின் பதிப்பு எண், எந்த நிலையப் பட்டியல், எந்த சோர்ஸ் பட்டியல் என்ற குறிப்பு. எல்லாம் சேர்ந்தும் ஒரு பென் டிரைவின் மூலையில் அடங்கும். இவை இருந்தால் மிச்சம் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டி எடுத்துவிடலாம். இவை போனால், சினெக்ஸ் (தீர்வைப் பரிமாறும் பொது வடிவ ஃபைல்) கையில் இருந்தும் பயனில்லை. எந்த அளவீட்டை ஏன் விலக்கினீர்கள் என்று அது சொல்லாது.

இடத்தை அடைப்பது கழிவுதான். ஒவ்வொரு அளவீட்டுக்குமான பகுதி வகைக்கெழுக்கள் எல்லாம் லெவல்1இன் ஸ்கேன் ஃபைலில் உட்கார்ந்திருக்கும். லெவல்0, லெவல்1 இரண்டையும் ரன் முடிந்து எச்சப் படம் பார்த்ததும் அழித்துவிடலாம். ஆனால் மாதிரியை மாற்றாமல் மதிப்பீட்டை மட்டும் நாலு விதமாக ஓட்டிப் பார்க்கும் கட்டத்தில் இருந்தால் லெவல்1ஐ விட்டுவையுங்கள். ஒவ்வொரு முறையும் அதை மறுபடி கட்டுவதுதான் நேரம் தின்னும் வேலை. லெவல்2 குளோபல் தீர்வுக்கான நார்மல் சமன்பாடுகள். 200 செஷனையும் சேர்த்துத் தீர்க்கும் எண்ணம் இருந்தால் அது முடியும்வரை தொடாதீர்கள், இல்லாவிட்டால் எழுதவே சொல்லாதீர்கள். லெவல்3இல் மதிப்பீடுகள் உள்ள எக்ஸ் ஃபைல், ஆப்ட் விவரம், எச்சம் ஆகிய மூன்றும் போதும்.

அழிக்கும் ஸ்கிரிப்ட் எழுதினால், செஷன் பெயரை வைத்து அழிக்கச் சொல்லாதீர்கள். அவுட் ஃபைலுக்கும் அதே பெயர்தான். ஃபோல்டர் பெயரை வைத்து அழியுங்கள், அதுவும் ஒரு முறை பட்டியல் போட்டுப் பார்த்துவிட்டு.

ரன் ஓடும்போது கரண்ட் போய், பேட்டரியும் நின்றால் பாதி எழுதிய மேட் ஃபைல் (மேட்லேப் தரவு ஃபைல்) மிஞ்சும். மறுநாள் தொடர்ந்து ஓட்டினால் அந்த செஷனில் வந்து மொத்தமும் நிற்கும். சைபர் பைட் ஃபைல்களையும், தன் வகை ஃபைல்களைவிடப் பாதி அளவே உள்ளவற்றையும் தேடி எடுத்து, அந்த செஷன்களை மட்டும் முதலிலிருந்து ஓட்டுங்கள். நீளமான பட்டியலை 20, 20 ஆகப் பிரித்து ஓட்டினால் இந்தத் தொல்லை பாதியாகும். நம்ம ஊர் மின்சாரத்துக்கு அதுதான் தோது.

ஆர்1, ஆர்4 முடித்துவிட்டு ஒரு மணி நேர இன்டென்சிவ் செஷன்களுக்குப் போவதாக இருந்தால், இந்தத் தானியங்கி வழக்கத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். இரண்டு மூன்று நிலையம், சில பத்து அளவீடு, அவ்வளவுதான் அங்கே. யூடி1இல் ஒரு மைக்ரோ விநாடி நிலநடுக்கோட்டில் 0.46 மில்லிமீட்டர் நகர்வு. ஓரமான ஒரு அளவீட்டை எடுத்தால் விடை பல மைக்ரோ விநாடி நகரக்கூடும். அங்கே ஒவ்வொரு நீக்கத்தையும் கையால் செய்து, எடுத்தபோதும் எடுக்காதபோதும் வந்த யூடி1 இரண்டையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.